முதன்முறை ஆர்வி எடுப்பவர்களுக்கு: வேகாஸிலிருந்து பீனிக்ஸ் வரை

ஆர்வியில், அதாவது அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வண்டியில், ஏறியதும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு துண்டு டேப்பில் வண்டியின் உயரத்தை எழுதி, ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். எங்கள் வண்டி 12 அடி. நாலு நாள் ஓட்டித் தேர்ந்துவிட்ட மிதப்பில், ஒரு காலை காபிக் கடையின் டிரைவ்-த்ரூ பாதைக்குள் பழக்க தோஷத்தில் திருப்பிவிட்டேன். "அப்பா, பன்னெண்டு!" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். எதிரே சங்கிலியில் தொங்கிய கம்பியில் 9 அடி என்று எழுதியிருந்தது. எனக்குப் பின்னால் மூன்று கார்கள். அந்த மூன்று பேரிடமும் இறங்கிப் போய்க் கெஞ்சி, வண்டியைப் பின்னால் எடுத்து முடிப்பதற்குள் காபி ஆசையே போய்விட்டது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கும்போது, எங்கே கூட்டிப் போவது என்ற கேள்வி இங்கே அமெரிக்காவில் எல்லா வீட்டிலும் வரும். ஹோட்டல் மாற்றி ஹோட்டல் பெட்டி தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பீட்சாவைக் கண்டாலே முகம் சுருங்கும். கழிப்பறையும் அடுப்பும் கூடவே வருகிற வண்டி என்றால் அந்த இரண்டு கவலையும் இல்லை. ஆனால் ஆர்வியைப் பெரிய கார் என்று நினைத்து எடுத்தால் அவதிதான். அது சக்கரம் கட்டிய ஒரு குட்டிப் பஞ்சாயத்து. தண்ணீர், கரண்ட், சாக்கடை மூன்றுக்கும் தலைவரும் நீங்கள்தான், துப்புரவுப் பணியாளரும் நீங்கள்தான். ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். நிறுத்துவதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் போனது ஓர் அக்டோபரில். டல்லஸிலிருந்து லாஸ் வேகாஸ் பறந்து, அங்கே வண்டி எடுத்து, சயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று சுற்றி, பீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் முடித்தோம். ஒன்பது நாள், ஏறக்குறைய 850 மைல், ஆறு பேர்.

வண்டியும் கணக்கும்

கிளாஸ் ஏ என்பது பஸ் மாதிரி. கிளாஸ் பி என்பது வேன், இரண்டு பேருக்குச் சரி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு கிளாஸ் சி. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான். 25 அடி நீளம் போதும். வழக்கமான கார் லைசென்ஸே செல்லும். எத்தனை பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், சீட் பெல்ட் எத்தனை என்று கேளுங்கள். சின்னக் குழந்தை இருந்தால், கார் சீட்டைக் கட்ட முன்பக்கம் பார்த்த இருக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பின்பக்கப் படுக்கை சுவரோடு ஒட்டியிருந்தால், உள்பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்து போக இன்னொருவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா வயதுக்கு அது இரவில் மூன்று முறை. இரண்டு பக்கமும் இறங்க வழியுள்ள படுக்கையாகப் பாருங்கள்.

வாடகை என்று கண்ணில் படும் தொகை பாதிதான். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு மணிக்கு இவ்வளவு, பாத்திரம் படுக்கைக்கு இவ்வளவு, ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனியாக இவ்வளவு என்று சேர்ந்துகொண்டே போகும். கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கிடைக்கும். எங்களுக்கு 95 கேலன் பெட்ரோல் ஆனது. கிரெடிட் கார்டில் வரும் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் ஆர்விக்குச் செல்லாது. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், வண்டியோடு தரும் காப்பீட்டை வாங்கிவிடுங்கள்.

தேசியப் பூங்கா நுழைவில் ஒரு புது விஷயம் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர் 16 வயதும் அதற்கு மேலும் என்றால், சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவோடு மூன்று பூங்கா போவதென்றால் எது லாபம் என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கும் நாள்

வண்டியைக் கொடுக்கும் பையன் பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவான். அவன் செய்து காட்டுவதை வேடிக்கை பார்க்காமல், "நான் செய்கிறேன், நீ பார்" என்று சொல்லுங்கள். வெந்நீர் போடுவது, ஹீட்டர் போடுவது, ஜெனரேட்டரை எழுப்புவது, கழிவு வால்வை இழுப்பது, இந்த நான்கும் உங்கள் கையால் ஒரு முறை நடக்க வேண்டும். உள்ளும் புறமும், முடிந்தால் ஏணியில் ஏறி கூரையும், எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ரப்பர் கையுறை ஒரு பெட்டி, தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் சின்ன பித்தளைக் குமிழ், வண்டியைச் சமன்படுத்தும் பிளாஸ்டிக் கட்டைகள், ஐந்து கேலன் பிளாஸ்டிக் வாளி, ஒரு செம்பு. இவற்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாளியும் செம்பும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

வண்டி கைக்கு வர மதியம் தாண்டிவிடும். முதல் இரவை அதே ஊரிலோ முப்பது நாற்பது மைலுக்குள்ளோ போடுங்கள். நான் இதைச் செய்யவில்லை. வேகாஸில் மளிகை வாங்கி முடிக்கவே மணி நாலு. அங்கிருந்து சயான் 160 மைல், மேப் இரண்டே முக்கால் மணி நேரம் என்றது. ஆர்விக்கு எப்போதும் அதோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது தெரியாது. நடுவில் வர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-15 வளைந்து வளைந்து போகும். பக்கவாட்டுக் காற்றில் வண்டி ஆடியது, பின்னால் பாத்திரங்கள் உருண்டன. "இது என்னடா, நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி இருக்கு" என்றார் அப்பா. யூட்டா எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரமும் போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது கும்மிருட்டு. பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டிய இடம். பக்கத்து வண்டியில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பைஜாமாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு வந்திருக்காவிட்டால் அன்றைக்கு ஒரு மரம் போயிருக்கும்.

இந்த ஊர் ஆர்விக்காரர்கள் சொல்லும் மூன்று-மூன்று-மூன்று என்ற கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், பகல் 3 மணிக்குள் போய்ச் சேருங்கள், ஓர் இடத்தில் 3 நாள் இருங்கள். பெரியவர்களோடு என்றால் 300 மைலை 150 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் எடுப்பதில் இரண்டே சங்கதி. பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இடது பக்கம் ஒடித்துத் திருப்பினால் வால் வலது பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்களில் உரசுவதெல்லாம் இதனால்தான். அடுத்தது, பின்னால் நின்று வழி சொல்பவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். கத்திக்கொள்ள வேண்டாம், போனில் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டை சயான் முகாமில் இடம் எண் தெரியாத இருட்டில் நடந்தது.

தண்ணீரும் கழிவும்

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டி. நல்ல தண்ணீர், சாம்பல் தொட்டி, கருப்புத் தொட்டி. பாத்திரம் கழுவியதும் குளித்ததும் சாம்பலுக்குப் போகும். கழிப்பறை கருப்புக்குப் போகும். எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் சுமார் 40 கேலன், மற்றவை முப்பது முப்பது.

சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் நிறுத்தினாலும் கருப்பு வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் தானாகவே போய்விடுமே என்று நான் புத்திசாலித்தனமாக இரண்டு நாள் திறந்து வைத்தேன். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது உள்ளேயே குவிந்து இறுகிவிட்டது. தொட்டி காலி ஆன பிறகும் மானி முழுசு என்றே காட்டியது. பிறகு பாதித் தொட்டித் தண்ணீர் ஊற்றி, மேடு பள்ளமான சாலையில் ஓட்டி, மறுபடி திறந்து, மறுபடி ஊற்றி, ஒரு முழு மாலை அதற்கே போனது. மூன்றில் இரண்டு பங்கு நிறையட்டும், அப்போதுதான் ஒரே வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

காலி செய்யும் முறை: கையுறை. குழாயின் ஒரு முனை வண்டியில், மறுமுனை தரையில் உள்ள ஓட்டையில். அந்த முனையின் மேல் ஒரு கல்லை வையுங்கள், இல்லாவிட்டால் துள்ளி வெளியே வரும். முதலில் கருப்பு. அது ஓய்ந்த பிறகு சாம்பல், அந்த சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றாதீர்கள். பிறகு இரண்டையும் மூடி, கருப்புக்குள் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் மருந்தும் விடுங்கள். காலித் தொட்டியோடு கிளம்பக் கூடாது. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஆட்கள் என்பது இதில் நமக்கு அனுகூலம், காகிதம் குறையும். ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும்.

வாளிக்கு வருகிறேன். வெந்நீர்த் தொட்டி 6 கேலன்தான். ஷவரில் நின்றால் முதல் ஆள் சோப்புப் போடும்போதே தண்ணீர் குளிர்ந்துவிடும். குழந்தைகள் இரண்டு நாள் அழுதார்கள். அம்மா மட்டும் அரை வாளி வெந்நீர் பிடித்து, செம்பால் மொண்டு ஊற்றி, நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்தார். மூன்றாம் நாளிலிருந்து வீடே செம்புக்கு மாறியது. ஆர்வி பற்றி இங்கிலீஷில் ஆயிரம் யோசனை படித்தேன், இதை ஒருவரும் எழுதவில்லை.

கரண்டும் அடுப்பும்

முகாம்களில் கிளாஸ் சி வண்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினால் 3600 வாட். ஏசி 1500, மைக்ரோவேவ் கிட்டத்தட்ட அதே அளவு, கெட்டில் 1500. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பட்டென்று அணையும். ஏசி ஓடும்போது வேறு ஒரே ஒரு பெரிய சாதனம், அவ்வளவுதான். ஊர் மிக்ஸி 230 வோல்ட், இங்கே முனகும், அரைக்காது. 110 வோல்ட் மிக்ஸி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது சட்னியைப் பொடியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் வண்டியின் பெட்ரோலிலேயே ஓடும். ஆனால் டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் நின்றுவிடும். நடுவழியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல், பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும் வழியில் கேமரன் என்ற ஊர் அருகே சாப்பாட்டு நேரத்தில் உதவி எண்ணுக்குப் போன் போட்டு நாற்பது நிமிடம் இசை கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாளிப்பதை வண்டிக்குள் செய்யாதீர்கள். கடுகு வெடித்து மிளகாய் கமறினால் புகை எச்சரிக்கை மணி அலறும், முகாம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மடக்கு மேஜையும் சின்ன கேஸ் அடுப்பும் வெளியே வைத்துத் தாளியுங்கள். பிரஷர் குக்கர் கட்டாயம் வேண்டும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி, பிரைஸ் 8,000 அடிக்கும் மேல். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. தோசை மாவை எடுத்துப் போவதானால் டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். எங்கள் மாவு வண்டி ஆட்டத்தில் பொங்கி, மூடியைத் தள்ளி, ஃபிரிட்ஜ் கதவையும் திறந்துகொண்டு நடைபாதை முழுக்க ஓடியது. ஃபிரிட்ஜ் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. அதைப் போட வேண்டியது நான்.

அதனால் கிளம்பும் முன் ஒரே ஆள் ஒரு சுற்று வாருங்கள். இரண்டு பேர் என்றால், அவர் பார்த்திருப்பார் என்று இவர் விட்டுவிடுவார். அலமாரிக் கதவுகள், ஃபிரிட்ஜ், கூரை ஜன்னல், வெளிப்படி, வெளிப்பந்தல், கரண்ட் கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய். பெட்ரோல் போடும் முன் சமையல் கேஸை மூடிவிடுங்கள்.

பார்க்கும் இடங்கள், ஆர்வியின் கண்ணில்

சயானில் உள்பள்ளத்தாக்குச் சாலையில் வருடத்தின் பெரும்பகுதி சொந்த வண்டி போகாது, இலவச ஷட்டில்தான். இது நமக்கு நல்லதே. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றோரமாக ஒரு மைல் தளம் போட்ட பாதை. அம்மா செருப்போடு நடந்துவிட்டு வந்தார். சயானிலிருந்து பிரைஸுக்குக் குறுக்குவழி, 1930-இல் மலையைக் குடைந்து போட்ட 1.1 மைல் சுரங்கம். நாங்கள் போனபோது பெரிய வண்டிகள் 15 டாலர் கட்டினால், எதிர்ப்பக்கம் வருவோரை நிறுத்திவிட்டு நடுக்கோட்டில் ஓட்டிப் போக விட்டார்கள். 2026 ஜூனிலிருந்து 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள வண்டிகளுக்கு அந்தச் சாலையே கிடையாது. 12 அடி கிளாஸ் சி என்றால், ஐ-15-இல் வடக்கே போய் 20-ஆம் எண் யூட்டா சாலை வழியாகச் சுற்றித்தான் பிரைஸ். மேப் இதைச் சொல்லாது, உங்கள் வண்டி அதற்குக் கார்தான்.

பிரைஸில் 23 அடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஷட்டில் ஓடும் காலத்தில் முக்கியமான காட்சிமுனைகளுக்குப் போக முடியாது. அக்டோபரிலேயே இரவு உறைபனி. தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் படுங்கள். குளிர்கிறதே என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காயாதீர்கள், மூடிய வண்டிக்குள் அது உயிருக்கு ஆபத்து.

பேஜ் ஊரில் ஆன்டலோப் கேன்யனை நவஹோ பழங்குடி வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். மேல் கேன்யன் உள்ளே சமதரை, திரும்பி வரும் வழியில் மட்டும் படிகள் உண்டு. கீழ் கேன்யனில் ஏணி ஏறி இறங்க வேண்டும். பெரியவர்களுக்கு மேல் கேன்யன்தான். நேரக் குழப்பம் இங்கே உச்சம். யூட்டாவில் கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பது) உண்டு, அரிசோனாவில் கிடையாது, அதே அரிசோனாவுக்குள் நவஹோ தேசத்தில் உண்டு. எந்தச் செல்போன் கோபுரம் கிடைக்கிறதோ அந்த மணியைப் போன் காட்டும். சுற்றுலா நடத்துவது அரிசோனா மணிக்கு. நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மாறியிருந்தால் காசு போயிருக்கும். ஒரு பழைய கைக்கடிகாரத்தை அரிசோனா மணியில் வைத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

கிராண்ட் கேன்யனில் டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் தண்ணீர், கரண்ட், சாக்கடை மூன்றும் உண்டு. முன்னாலேயே நுழைந்து முன்னாலேயே வெளியேறும் இடங்களும் உண்டு, பின்னால் எடுக்கும் வேலையே இல்லை. மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். காலையில் ஜன்னலுக்கு வெளியே மிளா மாதிரி பெரிய எல்க் மான் நின்றது. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அது சாவகாசமாகப் புல்லைத் தின்று முடித்தது. அங்கிருந்து பீனிக்ஸ் போகும் வழியில் ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி, பீனிக்ஸ் ஆயிரத்துச் சொச்சம். ஐ-17-இல் நீளமான இறக்கங்கள் உண்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து, கியர் கம்பியில் இருக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்படி இறக்குங்கள்.

சொந்தக்காரர் வீட்டு வாசலில்

உறவினர் வீட்டு வாசலில் ஆர்வியை நிறுத்தித் தங்குவதற்கு இங்கே மூச்டாக்கிங் என்று பெயர். ஓசியில் ஒட்டிக்கொள்வது என்று அர்த்தம். முதலில் அந்தக் குடியிருப்பின் எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், ஆர்வியை விடுமா, எத்தனை இரவு என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். டிரைவ்வே சரிவா, மேலே மரக்கிளை தாழ்ந்திருக்கிறதா என்று ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள். கழிவை வழியிலேயே காலி செய்துவிட்டுப் போங்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் அதை அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுப் பிளக் 15 ஆம்ப்தான். விளக்கு, ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜ் வரை தாங்கும். ஏசி வேண்டாம். சாண்ட்லரில் அக்டோபரிலும் பகலில் கொளுத்தியது. கராஜில் கிடந்த மெல்லிய ஆரஞ்சு வயரில் அடாப்டர் மாட்டி ஏசியைப் போட்டேன். அரை மணியில் பிளாஸ்டிக் வாடை. பிளக் கறுத்து உருகியிருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சுவரிலிருந்த கரியை மட்டும் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நீட்டிப்பு வயர் வேண்டுமென்றால் 10 கேஜ் வாங்குங்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமன்.

இதைவிடப் பெரிய சிக்கல் சித்தி. "வீட்ல மூணு ரூம் காலியா கெடக்கு. வாசல்ல வண்டியில படுத்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்று கண் கலங்கிவிட்டார். வண்டியில் தங்குகிறோம் என்பதைப் போன வாரமே போனில் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் அம்மா வீட்டுக்குள் சித்தியோடு, நாங்கள் விருந்தினர் அறையில், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வண்டியில் என்று முடிவானது. அப்பா தலையணையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கே போய்விட்டார். "உள்ள வாங்க அத்தான்" என்று சித்தி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் மரிகோபாவில் உள்ள மகா கணபதி கோயிலுக்கு இரண்டு குடும்பமும் கார்களில் போனோம். ஊருக்குள் சின்ன வேலைகளுக்கு ஆர்வியை அசைக்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

முந்தின இரவே கூரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பெருங்காய வாடை அப்படி லேசில் போகாது. காலையில் இரண்டு தொட்டியும் காலி, பெட்ரோல் எடுத்த அளவுக்கு, சமையல் கேஸ் ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும். எடுத்த அன்று போலவே ஒரு வீடியோ. பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து, கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். நான் மேல் அலமாரிகள், படுக்கைக்கு அடியில், மைக்ரோவேவ் உள்பட எல்லாம் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னாலும் ஓர் அலமாரி இருப்பது தெரியாது. அப்பாவின் பல்செட் தபாலில் டல்லஸ் வந்து சேர ஐந்து நாள் ஆனது. அதுவரை அவருக்குக் கஞ்சிதான்.